டார்ஜிலிங் இலையும் வேலூர் தண்ணீரும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிலிகுரியிலிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்த ஒரு குடும்பம் உங்கள் வீட்டு மாடியில் ஒன்றரை மாதம் தங்கியிருந்தது. ஊர் திரும்பும்போது 100 கிராம் டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃபிளஷ் (முதல் பருவ) இலையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். நீங்கள் எப்போதும் போலப் பாலோடு கொதிக்கவிட்டீர்கள். டீ மாதிரியே இல்லை. பால் இல்லாமல் கொதிக்கவிட்டீர்கள். வாயில் வைக்க முடியாத கசப்பு. “இதற்கா இவ்வளவு விலை? ஒவ்வொரு ஊர்த் தேயிலைக்கும் ஒரு ருசி என்கிறார்களே, அதை நம்மைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இலையில் குறை இல்லை. உங்கள் நாக்கிலும் இல்லை. நான் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டுக் காட்பாடிக்குத் திரும்பியவன். வந்த முதல் வாரம் எனக்கும் இதேதான் நடந்தது. நானே பார்த்துப் பொறுக்கிக் கொண்டுவந்த இலை. குன்னூரில் பொன் நிறத்தில் இறங்கிய டீ, இங்கே கலங்கிய பழுப்பாக வந்தது. மேலே மெல்லிய ஆடை ஒன்று மிதந்தது. வாசனை பாதிகூட இல்லை. வழியில் ஈரம் பட்டுவிட்டதோ என்று இரண்டு நாள் பொட்டலத்தையே முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, தண்ணீர்.

நம் பக்கத்து போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். குக்கர் அடியில் வெள்ளையாகப் படிகிறது, கீசர் இரண்டு வருடத்தில் போய்விடுகிறது. அந்தச் சுண்ணாம்புதான் டீயையும் கெடுக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், டீக்கு இயல்பாக உள்ள மெல்லிய புளிப்பை அடித்துவிடும். நிறம் கறுக்கும், எண்ணெய் சிந்தியது போல மேலே ஆடை கட்டும். சந்தேகமாக இருந்தால் அந்த டீயில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். ஆடை கலைந்துவிடும், நிறம் கண்ணெதிரே வெளுக்கும். பால் டீயில் இது எதுவும் தெரியாது. பாலும் சர்க்கரையும் இஞ்சியும் சேர்ந்து தண்ணீரின் குற்றத்தை மூடிவிடுகின்றன.

சரி, கேன் தண்ணீர் ஊற்றினால் முடிந்ததா என்றால், முடியாது. ஆர்.ஓ. செய்த தண்ணீரில் உப்பு ஏறக்குறைய எதுவும் மிஞ்சுவதில்லை; அதில் போட்ட டீ உப்பில்லாத ரசம் போலச் சப்பென்று இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று கண்ணாடி தம்ளர்களை வரிசையாக வைத்துச் சோதித்தேன். மூன்றிலும் ஒரே நீலகிரி இலை, ஒரே எடை, ஒரே நேரம். முதல் தம்ளரில் போர் தண்ணீர், கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் 900 காட்டியது. அந்த டீ கறுத்து, மண்வாடையோடு வந்தது. இரண்டாவதில் கேன் தண்ணீர், மீட்டரில் 25. நிறம் அழகு, வாயில் ஒன்றும் நிற்கவில்லை. மூன்றாவதில் எட்டுப் பங்கு கேனும் ஒரு பங்கு போரும் கலந்தேன், ஏறக்குறைய 120 வந்தது. அந்தத் தம்ளரைக் கையில் எடுக்கும்போதே பூ வாசனை. பக்கத்திலிருந்த என் மனைவி, டீயில் நாட்டம் இல்லாதவள், “இது மட்டும் வேறே டீயா?” என்று கேட்டாள். 50 முதல் 150 வரை டி.டி.எஸ். உள்ள தண்ணீர் நல்ல இலைக்குப் பொருந்தும் என்பது என் அனுபவம். கலக்க வசதி இல்லையென்றால், தண்ணீரை ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, இரவு முழுக்கத் தெளியவைத்து, மேலாக வடித்து எடுங்கள். சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும். உப்பு போகாது, ஆனாலும் வித்தியாசம் தெரியும்.

தண்ணீரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். வேலூரில் 99-ஐத் தாண்டும். குன்னூரில் நான்கு நிமிடம் ஊறவைத்த இலையை இங்கே மூன்று நிமிடத்தில் எடுத்தால்தான் அதே டீ. மலையில் வாங்கிய தூள் வீட்டுக்கு வந்ததும் கசக்கிறது என்று சொல்பவர்களுக்கு, கடைக்காரர் ஏமாற்றினார் என்று நினைக்கும் முன் இதையும் பாருங்கள் என்பேன்.

இப்போது உங்கள் இலைக்கு வருவோம். பச்சை டீ, கறுப்பு டீ, வெள்ளை டீ, ஊலாங் எல்லாமே ஒரே செடியின் கொழுந்துதான். பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுபட விட்டால் இலைச் சாறு நிறம் மாறுகிறது. வெட்டிவைத்த வாழைக்காய் கறுப்பது மாதிரி. முழுக்க மாறவிட்டால் கறுப்பு டீ. பறித்தவுடன் சூடு காட்டி மாறாமல் நிறுத்தினால் பச்சை டீ. நடுவில் நிறுத்தினால் ஊலாங். டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃபிளஷ் என்பது குளிர்காலம் முடிந்து, பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை துளிர்க்கும் முதல் கொழுந்து. கறுப்பு டீ என்று பெயர் இருந்தாலும், கொழுந்தை மிகவும் கடுமையாக வாட்டுவதால் அது முழுக்க மாறுவதில்லை. ஊறிய இலையை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள், பாதி பச்சையாகவே இருக்கும். அதைக் கொதிக்கவிடுவது, கொத்தமல்லித் தழையைக் குக்கரில் ஐந்து விசில் விடுவதற்குச் சமம். வாசனை ஆவியில் போய்விடும், மிஞ்சுவது கசப்பு.

நாம் தினமும் குடிக்கும் தூள் வேறு வகை. சி.டி.சி. என்பது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திர முறை. 1930களில் அசாமில் வந்தது. சீக்கிரம் சாறு இறங்க வேண்டும், பாலைத் தாங்க வேண்டும் என்பதற்கு அதைப் போலப் பொருத்தமானது இல்லை. நம் டீக்கடை டீ நல்ல டீ. நானும் தினமும் குடிக்கிறேன். முழு இலையிடம் அந்த வேலையைக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

செய்முறை இது. 150 மி.லி. தண்ணீருக்கு இரண்டரை கிராம் இலை. கரண்டிக் கணக்கு வேண்டாம். டார்ஜிலிங் இலை உப்பலாக இருக்கும். ஒரு கரண்டி அசாம் இலையின் எடைக்கு இதில் இரண்டு கரண்டி தேவைப்படலாம். ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் கொதித்ததும் இறக்கி, ஒரு தம்ளரிலிருந்து இன்னொரு தம்ளருக்கு ஒரே ஒரு முறை மாற்றுங்கள். தெர்மாமீட்டர் இல்லாமலே ஏறக்குறைய 90 டிகிரிக்கு வந்துவிடும். இரண்டு முறை மாற்றினால் 80 பக்கம், பச்சை டீக்கு ஆகும். காபி ஆற்றத் தெரிந்த நமக்கு இது ஒரு வேலையே இல்லை. இலை மேல் ஊற்றி, மூடி, இரண்டரை முதல் மூன்று நிமிடம். பிறகு முழுக்க வடித்துவிடுங்கள். இலையைத் தண்ணீரிலேயே விட்டால் கடைசி வாய் கசக்கும். ஸ்டீல் தம்ளர் வேண்டாம். நிறம் தெரியாது, உதடு சுடும். உள்ளே வெள்ளையாக இருக்கும் பீங்கான் கப் போதும்.

ருசி பார்ப்பது எப்படி என்ற உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன். தேயிலையின் தரத்தை அறிய முதலில் பழக வேண்டியது துவர்ப்பு. இதில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்து வைத்திருக்கிறோம். வாழைப்பூ, நாவல்பழம், கொட்டைப் பாக்கு என்று குழந்தையிலிருந்து பழகிய சுவை. கசப்பும் துவர்ப்பும் வேறு வேறு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கசப்பு நாக்கில் படும் சுவை. துவர்ப்பு வாய் முழுக்க ஓர் இழுப்பு, வறட்சி, கரகரப்பு.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இன்னும் ஒரு படி கூடவே தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் கூடங்களில் முன்பு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். இன்று பெரும்பாலும் குரோமியம். பட்டையின் துவர்ப்புச் சத்து தோலிலுள்ள புரதத்தைப் பிடித்து இறுக்கும், அதனால் தோல் அழுகாமல் நிற்கும். டீயின் துவர்ப்பும் அந்த இனத்தைச் சேர்ந்த பொருள்களால் வருவதுதான். நம் எச்சிலில் இருக்கும் வழவழப்பான புரதத்தை அது பிடித்துக்கொள்கிறது, வாய் வறள்கிறது. பால் ஊற்றினால் துவர்ப்பு ஏன் அடங்குகிறது என்பதற்கும் இதுவே காரணம். எச்சிலுக்கு முன்னால் பாலின் புரதம் போய் அதனிடம் மாட்டிக்கொள்கிறது. ஃபர்ஸ்ட் ஃபிளஷ்ஷில் பால் ஊற்றியபோது டீ காணாமல் போனதும் இதனால்தான். இருந்த மெல்லிய துவர்ப்பையும் பால் வாரிக்கொண்டது.

நல்ல டீயில் துவர்ப்பு இருக்கும், ஆனால் தங்காது. ஒரு மடக்கு குடித்ததும் நாக்கின் இரண்டு பக்கமும் சுருக்கென்று இழுத்து, விழுங்கிய சில நொடியில் விட்டுவிடும். வாய் ஈரமாகி, அடுத்த மடக்குக்கு ஏங்கும். இதைத்தான் டீ ருசி பார்ப்பவர்கள் ‘பிரிஸ்க்’ என்பார்கள். மட்டமான டீயில் துவர்ப்பு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. அதன் பின்னால் கசப்பும் வரும். இன்னும் உயர்ந்த இலையில், துவர்ப்பு விலகிய இடத்தில் தொண்டையிலிருந்து ஓர் இனிப்பு ஏறி வரும். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே, அதே இனிப்பு. சீனர்கள் அதை ‘ஹுய்கான்’ என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். திரும்பி வரும் இனிப்பு என்று அர்த்தம்.

குன்னூரில் ருசி பார்க்கும் மேசை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஜன்னல் ஓரம் நீளமான மேசை, வரிசையாக வெள்ளைக் கப்புகள். ஒவ்வொன்றுக்கும் விளிம்பில் பல் வெட்டிய மூடிப் பாத்திரம். 100 மி.லி.க்கு 2 கிராம், கொதிக்கும் தண்ணீர், 6 நிமிடம் என்பது ஐ.எஸ்.ஓ. 3103 என்ற உலக அளவுகோல். அது குற்றம் கண்டுபிடிப்பதற்கான முறை, குடிக்கும் முறை இல்லை. நேரம் ஆனதும் பாத்திரத்தைக் கவிழ்த்து டீயைக் கப்பில் வடிப்பார்கள். ஊறிய இலையை மூடியின் மேல் தட்டி வைப்பார்கள். எங்கள் பெரியவர் முதலில் இலையை மூக்கருகே கொண்டுபோவார். பிறகு ஒரு கரண்டி டீயை எடுத்து, தெருவுக்கே கேட்கும்படி உறிஞ்சுவார். வாயில் சுழற்றி, எச்சில் தொட்டியில் துப்பிவிட்டு, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கப்புக்குப் போவார். நாற்பது கப்புக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. உறிஞ்சிக் குடித்தால் வீட்டில் திட்டுவார்கள், ஆனால் இதற்கு மட்டும் உறிஞ்சித்தான் ஆக வேண்டும். காற்றோடு சேர்ந்து போகும்போதுதான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துப் பாருங்கள், டார்ஜிலிங்கும் அசாமும் ஒன்றாகிவிடும்.

அந்த மேசையில் நான் கற்றுக்கொண்டது, ஒரு டீயைத் தனியாக வைத்துக்கொண்டு எதையும் அறிய முடியாது என்பதுதான். பக்கத்தில் இன்னொன்று இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கப், ஒரே எடை, ஒரே தண்ணீர். கொஞ்சம் ஆறட்டும், கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் நாக்கு சூட்டை மட்டுமே சொல்லும். ஆற ஆற நல்ல டீ திறந்துகொள்ளும், மட்டமான டீயின் குறை வெளியே வரும். என்ன வாசனை என்று புத்தகச் சொல்லைத் தேட வேண்டாம். நம் வீட்டில் எது ஞாபகம் வருகிறதோ அதைச் சொல்லுங்கள்.

எனக்கு ஞாபகம் வருவதைச் சொல்கிறேன். டார்ஜிலிங்கின் இரண்டாம் பருவம் மே, ஜூனில் வரும். அதில் ‘மஸ்கட்டல்’ என்று உலகம் முழுக்கப் புகழும் ஒரு மணம் உண்டு. மஸ்கட் திராட்சை நாம் பார்க்காத பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பத்துப் பன்னீர் திராட்சை மஸ்கட் இனம்தான். தோலை நசுக்கி முகர்ந்தால் வரும் அந்த மணத்தை நினைவில் வைத்துக்கொண்டு டீயைக் குடியுங்கள், பிடிபட்டுவிடும். அந்த மணத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பூச்சி இருக்கிறது. தத்துப்பூச்சி கொழுந்தைக் கடித்துச் சாறு உறிஞ்ச, செடி தற்காப்புக்காகச் சுரக்கும் பொருள்களிலிருந்துதான் அந்த வாசனை பிறக்கிறது. தைவானில் ‘ஓரியண்டல் பியூட்டி’ என்ற ஊலாங்கும் இப்படிப் பூச்சி கடித்த இலையில்தான் உருவாகிறது. மருந்து அடித்தால் பூச்சியோடு மணமும் போய்விடும்.

அசாம் சமவெளித் தேயிலை. பிரம்மபுத்திரா ஓரத்து வெயிலும் ஈரமும் சேர்ந்த பெரிய இலை ரகம். முளைகட்டிய கேழ்வரகை வறுத்து அரைக்கும்போது மில்லில் எழும் வாசனை தெரியுமல்லவா, அதுதான் அசாமின் ‘மால்ட்’. நன்றாகக் கொதித்த தண்ணீரே ஊற்றலாம், நான்கு நிமிடம் தாங்கும், பாலும் தாங்கும். முழு இலையில் பால் ஊற்ற ஆசைப்பட்டால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இலங்கையில் ஒரே தீவுக்குள் பல ருசிகள். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை நட்டார். அடுத்த சில வருடங்களில் காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் அழித்தது, தீவே தேயிலைக்கு மாறியது. அந்த மலைகளில் கொழுந்து கிள்ளிய கைகள் பெரும்பாலும் நம் தமிழ்க் கைகள் என்பதை நான் ஒவ்வொரு கப்பிலும் நினைத்துக்கொள்வேன். நுவரெலியா இலை மெல்லியது, வெளிர் நிறம். ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலத்து இலைக்கு ஒரு தனி மணம். பக்கத்து அறையில் யாரோ கோடாலித் தைலம் மூடியைத் திறந்தது போல, குளுமையாக, தூரத்தில். தைலத்தில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் இந்த இலையிலும் இயற்கையாகவே உண்டு. முதல் முறை குடித்தபோது கப்பைச் சரியாகக் கழுவவில்லையோ என்று சந்தேகப்பட்டேன். இரண்டாம் கப்பில் மயங்கிவிட்டேன்.

நீலகிரியை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். பக்கத்தில் இருப்பதால் நாமே அதை மதிப்பதில்லை. அங்கே ஆவது பெரும்பாலும் சி.டி.சி. தூள்தான். ஆனால் உயரமான தோட்டங்களில் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் செடி மெதுவாக வளரும். அப்போது கிள்ளிய கொழுந்தில் செய்யும் ‘ஃப்ராஸ்ட் டீ’யின் பூ வாசனையை டார்ஜிலிங் பக்கத்தில் வைத்தாலும் தலைகுனிய வேண்டியதில்லை. கசப்பு குறைவு, நேரம் கொஞ்சம் கூடினாலும் மன்னிக்கும். காட்பாடியில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். முழு இலையில் முதல் பாடம் படிக்க இதைவிட நல்ல டீ, இந்த விலையில், நமக்குக் கிடையாது.

சீனா, ஜப்பான் பக்கம் இப்போது அவசரப்பட வேண்டாம், ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஹாங்சௌவின் லுங்ஜிங் பச்சை டீயை இரும்புச் சட்டியில் வறுப்பார்கள். பாசிப்பருப்பு வறுக்கும் வாசனை வரும். ஜப்பானியர்கள் ஆவியில் வேகவைப்பதால் செஞ்சாவில் கீரை வேகும் வாசனை; 80 டிகிரிக்கு மேல் ஊற்றினால் கசந்துவிடும். யுன்னானின் பூ-எர் 357 கிராம் வட்டுகளாக வரும், ஆண்டுக்கணக்கில் வைத்துக் குடிப்பது. மழை நனைத்த வைக்கோல் போரின் வாசனை. சிலருக்குப் பிடிக்கும், எனக்கு இன்னும் பழகவில்லை.

வாங்கும்போது ஒன்றிரண்டு எச்சரிக்கை. பொட்டலத்தில் டி.ஜி.எஃப்.ஓ.பி. என்றெல்லாம் நீளமாக எழுத்துகள் இருக்கும். அவை இலையின் அளவையும் பொன்நிற மொட்டு இருப்பதையும் சொல்பவை. ருசிக்கு மதிப்பெண் இல்லை. டார்ஜிலிங் என்ற பெயருக்கு 2004-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, இந்தியாவிலேயே முதலாவது. நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் கிடைத்ததே, அதே குறியீடு. அந்தப் பெயரை 87 தோட்டங்கள்தான் போட்டுக்கொள்ள முடியும். பெயரைவிட முக்கியம், பருவமும் பேக் செய்த மாதமும் எழுதியிருக்கிறதா என்பது. ஒரு தடவை அழகான மரப்பெட்டியில் டார்ஜிலிங் என்று நல்ல விலை கொடுத்து வாங்கினேன். திறந்தால் வாசனையே இல்லை, கையில் எடுத்தால் பொடியாக உதிர்ந்தது. பெட்டியின் எந்த மூலையிலும் வருடம் இல்லை. அன்றிலிருந்து தேதி இல்லாத பொட்டலத்தைத் தொடுவதில்லை.

உங்கள் இலையை இன்றே சின்ன, காற்றுப் புகாத தகர டப்பாவுக்கு மாற்றுங்கள். டப்பா நிறைய இருக்க வேண்டும். காலி இடம் இருந்தால் அதில் இருக்கும் காற்றே இலையைக் கெடுக்கும். அஞ்சறைப் பெட்டி இருக்கும் அலமாரியில் வேண்டாம், ஒரு வாரத்தில் சீரக வாசனை ஏறிவிடும். ஃபிரிட்ஜிலும் வேண்டாம், வெளியே எடுக்கும்போதெல்லாம் வியர்த்து ஈரம் கோத்துக்கொள்ளும். நம் அக்னி நட்சத்திர வெயிலில் வீட்டிலேயே குளுமையான, இருட்டான இடம் எதுவோ அங்கே வையுங்கள். என் வீட்டில் அது துணி பீரோவின் அடித்தட்டு, அந்துருண்டை போடாத தட்டு.

பரிசோதனையில் 40 கிராம் போயிருந்தாலும் 60 கிராம் மிச்சம் இருக்கும். இரண்டரை கிராம் வீதம் 24 தடவை வரும். ஒவ்வொரு தடவையும் அதே இலையில், ஒரு நிமிடம் கூட்டி, இரண்டாம் முறையும் தண்ணீர் ஊற்றலாம். முதல் கப்பில் மணம் தூக்கலாக இருக்கும், இரண்டாவதில் இனிப்பு. 24-இல் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். நீலகிரி இலை கைக்கு வந்ததும் பக்கத்தில் வைத்துக் குடிக்க அது வேண்டும்.